இருபத்தைந்து பூ ஒரு கட்டு

காதலர் தினத்தின் கடைசி விமானம்
வியாழனன்றே கீத்தோவிலிருந்து போய்விட்டது.
பத்தொன்பது நாள் கழித்து
எனக்கென்று ஒரு ஞாயிறு.
கயாம்பே மலையுச்சியில் பனி பளீரென்று இருக்கிறது,
யாரோ இப்போதுதான் வெளுத்துப் போட்டதுபோல.

டாம்யா, உனக்கு ஒன்றேமுக்கால் வயது.
கதவோரம் கழற்றிப் போட்ட என் வேலைச் சட்டையை
மோந்து பார்த்து
'சிசா' என்கிறாய்.
பூ இல்லையடி அது.
சிலந்திப்பேனுக்கு அடிக்கிற மருந்து.
முழங்கை வரை சோப்புப் போட்டு
நகக்கண்ணையும் தேய்த்த பிறகுதான்
உன்னைத் தூக்குகிறேன், தெரியுமா.

தலை கோணியது, காம்பு வளைந்தது,
மாஸ்கோவுக்கு ஆகாதது என்று
மேற்பார்வையாளர் பைரோன் ஒதுக்கித் தள்ளுவதை
மற்ற பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள்.
நான் ஒன்றுகூட எடுப்பதில்லை.
நீ எதையும் முதலில் வாயில்தான் பார்க்கிறாய்.

ஆகவே இன்றைய பூ வேலியிலிருந்து.
பூசணியில் ஆண்பூ மட்டும்,
பெண்பூவின் அடியில் நம் மார்ச் மாதக் குழம்பு இருக்கிறது.
நட்சத்திரம் நட்சத்திரமாக நீல பொர்ராகா.
ஒரு கை மன்சானியா, டீக்குப் பறித்ததில் மிச்சம்.
அடுத்த வீட்டு ரோசாவுராவைக் கேட்காமலே
இந்தப் பக்கம் எட்டிப் பார்த்த
ஆரஞ்சுப் பூ நான்கு.
தின்றால் நாக்கு கொஞ்சம் காரும்,
அவ்வளவுதான்.

துணி அலசும் பேசினில் வெந்நீர் ஊற்றினேன்.
மிதந்தன.
நீ தட்டினாய்.
மிதக்கவில்லை.
பூசணிப்பூவுக்குள் தண்ணீர் மொண்டு
என் காலில் ஊற்றினாய், நாய்க்கு ஊற்றினாய்,
சோளமாவில் ஊற்றினாய்.
மாவு விரலிடுக்கில் வழிந்தபோது மட்டும்
ஒரு கணம் அசையாமல்
அதையே பார்த்தாய்.
எந்தப் பூவையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.
ஒரு நாளைக்கு நாலாயிரம் பார்க்கிறேன்.

பிறகு பழைய தலையணை உறையைக் கிழித்து விரித்து
நடுவில் பூ வைத்து மடித்து
உனக்கு மரக்கரண்டி, எனக்கு ஆற்றுக்கல்.
டொம். டொம்.
பிரித்தால்
மஞ்சள் மஞ்சளாகவே வந்தது,
இலை தன் நரம்போடு வந்தது,
நீலம் மட்டும் வரமாட்டேன் என்று
கழுநீர் நிறத்தில் கசிந்தது.
எனக்குத்தான் வருத்தம்.
நீ 'மாஸ்' என்றாய். இன்னும்.
உனக்குத் தெரிந்த ஒரே எண் அது.

அப்போதுதான் என் கையைக் கவனித்தேன்.
நீ அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்
அது தானாகவே
மன்சானியாவின் கீழிலையை உருவி,
தலைகளைச் சமமாக்கி,
இருபத்தைந்து எண்ணி,
பிஸ்கட் அட்டையில் சுருட்டி
ஒரு கட்டு போட்டு வைத்திருந்தது.
யார் கேட்டார்கள்?

நீ எழுந்து வந்தாய், பார்த்தாய்.
அதன் மேல் உட்கார்ந்தாய்.

சாயங்காலம் உன் அப்பா வில்மெர்
கொடியில் தொங்கிய துணியைப் பார்த்து
இந்தப் பெரிய பச்சை வட்டம் என்ன பூ என்றார்.
உன் மகளின் பின்புறம் என்றேன்.
தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
அலசாமல் விட்டிருக்கிறோம்.

திங்கள், விடியற்காலை ஐந்து மணி வண்டி.
குளிர் அறை. ரப்பர் கையுறை.
அறுபது சென்டிமீட்டர், எழுபது, எண்பது.
பதினோராவது கட்டில் இருபத்தாறு வைத்தேன்.
தவறி அல்ல.
பைரோன் எண்ணினார், முகம் சுளித்தார்,
ஒன்றை உருவிக் கூடையில் எறிந்தார்.

எறியட்டும்.
கையுறைக்குள்
நகத்தைச் சுற்றி
இன்னும் போகாத பூசணி மஞ்சள்.